பங்குனி உத்தரத்தில் குத்தாமல் விட்ட செடில்

1. தை மாதம் ஒரு காலை, குளியலறைக் கூரைத் தகர இடுக்கில் என் தம்பி கஜனின் ஊசியைக் கண்டேன்.
2. கேட்டபோது அவன் மறைக்கவில்லை. போதைமருந்து ஏற்றுவதாகவும், கூட்டாளிகளுடன் ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் பாவிப்பதாகவும் சொன்னான்.
3. அவன் திருந்த வேண்டுமென்று, பங்குனி உத்தரத்துக்கு அவன் செடில் காவடி எடுப்பான் என்று அம்மா நேர்ந்தார்.
4. எங்கள் அம்பாள் கோயிலில் செடில் குத்த இருந்தது ஒரே ஒரு தொகுதிக் கொக்கி முள். ஒருவன் முதுகிலிருந்து கழற்றித் துடைத்து, திருநீறு பூசி, அடுத்தவன் முதுகில் ஏற்றுவார்கள்.

அம்பாளின் அடியார்களே, இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

நான் முரசுமோட்டையில் வசிக்கிறேன். ஆசுப்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பது என் வேலை. ஈர இரத்தத்தோடு ஒரு கூர்முனை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போனால் என்னென்ன கூடப் போகலாம் என்று எனக்குத் தெரியும். எச்.ஐ.வி. போகலாம். அதைவிடச் சுலபமாக ஈரலைத் தாக்கும் கிருமிகள் போகலாம். கஜனிடம் அவை இருந்தனவா என்பது மட்டும் தெரியாது. அவன் சோதிக்க வர மறுத்தான்.

"உங்கட லாப்பிலயோ? பின்னேரத்துக்குள்ள ஊர் முழுக்கக் கதை வந்திடும்."

"வவுனியாவில செய்யலாம். பேர் வெளியில வராது, இலக்கம் மட்டும்தான்."

"பாப்பம் அக்கா."

அவன் பாப்பம் என்றால் வரமாட்டான்.

வேலையிடத்தில் எங்களுக்குப் பயிற்சி தர வந்த எச்.ஐ.வி. தடுப்புப் பிரிவு வைத்தியரிடம், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"உடன விடு, உடன விடு எண்டு நிக்காதேங்கோ தங்கச்சி. விடுற நாள் வரைக்கும் அவர் நோயில்லாமல் உயிரோட இருக்க வேணும். ஆளுக்கு ஒரு ஊசி, அதுவும் ஒருக்காத்தான். அதை முதல்ல சொல்லுங்கோ."

பாமசியில் கஜனுக்கு ஊசி கொடுக்க மறுத்தார்கள். நானே வாங்கிக் கொடுத்தேன். இதை வாசிக்கிற சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் அதற்குப் பிறகு அவன் மற்றவனுடைய ஊசியைத் தொடவில்லை.

ஊசிக்கு வழி கிடைத்தது. முள்ளுக்குக் கிடைக்கவில்லை. செடில் குத்துகிற பரமண்ணையிடம் போனேன். ஆளுக்கு ஒரு புது முள் வாங்கினால் என்ன என்று கேட்டேன்.

"ஏன் பிள்ளை, இவ்வளவு காலமும் ஆருக்காவது சீழ் பிடிச்சதோ? அம்மாளாச்சியின்ர முள்ளு. உங்கட ஆசுப்பத்திரி ஊசி மாதிரி எண்டு நினைச்சியோ?"

காரணத்தைச் சொன்னால் கஜனின் பெயர் போய்விடும். திரும்பி வந்தேன். அம்மாவிடம் நேர்த்தியை மாற்றச் சொன்னேன். "அம்மாளாச்சிக்குச் சொன்ன சொல்லை மாத்தச் சொல்லுறியோ? படிச்சதுக்கு இதுதானோ?" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார். கடைசியாகக் கஜனிடமே சொன்னேன்: "உன்ர முதுகில ஏறுற முள்ளுத்தான் அடுத்தது சுதன்ர முதுகில ஏறும்." சுதன் பக்கத்து வீட்டுப் பெடியன். கஜன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு அம்பாளைத் தவிர எனக்கு ஆளில்லை. வேலைக்குப் போகும் வழியில் கோயில் வாசலில் நின்று கேட்டேன். "தாயே, என் தம்பியின் இரத்தம் இன்னொரு தாயின் பிள்ளையில் படக்கூடாது. என் தம்பியின் பெயரும் கெடக்கூடாது." இரண்டும் ஒன்றாக நடக்க வழியில்லை என்று தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

உத்தரத்தன்று கஜன்தான் முதல் ஆள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பரமண்ணை அவன் முதுகில் திருநீறு பூசி, தோலைப் பிடித்து இழுத்தார். அப்போது கஜன் எழுந்துவிட்டான்.

"வேண்டாம் அண்ணை."

அடுத்ததாக நின்ற சுதன் சிரித்தான். "என்ன மச்சான், முள்ளைக் கண்டவுடன காலாடுதோ? அம்மாவைக் கூப்பிடட்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கஜன் சிரிக்கவில்லை.

"நான் ஊசி போடுறனான். மாத்தி மாத்திப் போட்டனான். என்ர ரத்தத்தில என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது. எனக்குப் பிறகு நீதானே நிக்கிறாய்."

சிரிப்பு நின்றது. அம்மா மணலில் அப்படியே இருந்துவிட்டார். பரமண்ணை கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தார். பிறகு எல்லா முள்ளையும் துணியில் சுற்றி வைத்தார். அன்று ஒருவர் முதுகிலும் செடில் ஏறவில்லை.

"பாற்செம்பைத் தூக்கடா," என்றார் கஜனிடம். "அம்மாளாச்சி ஏற்பா."

நான் கேட்ட இரண்டில் அம்பாள் ஒன்றைத் தந்தாள். மற்றதைத் தரவில்லை. சில வீடுகளில் இப்போது எங்களுக்குத் தேத்தண்ணி தருவதில்லை. அம்மா கன நாள் அவனோடு கதைக்கவில்லை. ஆனால் சித்திரையில் அவன் வவுனியாவுக்கு வெளிக்கிட்டபோது, சீலை மாற்றிக்கொண்டு வந்து பஸ்ஸில் அவன் பக்கத்தில் இருந்தார். அவனோடு ஊசி மாற்றிய ஒருவன் ஒருநாள் எங்கள் வாசல் படலையில் நின்று, "அக்கா, அந்தச் சோதிக்கிற இடம் எங்க?" என்று கேட்டான். பெயரைக் காப்பாற்றியிருந்தால் அவன் வந்திருக்க மாட்டான். இதை நினைக்கும்போதெல்லாம் கை தானாகக் குவிகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நேர்த்தி வையுங்கள். அம்பாள் கேட்பாள். அதோடு பிள்ளையைச் சோதனைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வழியைக் காட்டுகிறவளும் அவள்தான்.

தம்பி வாசித்துச் சம்மதித்த பிறகே இதை அனுப்புகிறேன். அவன் பெயரையும் மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இன்றைய நிலை இது: முதல் சோதனையில் எச்.ஐ.வி. இல்லை. கிருமி பிந்தியும் தெரியலாம் என்பதால் எச்.ஐ.வி.க்கும் ஈரல் கிருமிகளுக்கும் அடுத்த சோதனை ஆடியில். கஜன் இன்னும் முழுதாக விடவில்லை. ஊசியை ஒருவரோடும் மாற்றுவதில்லை. வவுனியாக் கிளினிக்குக்குத் தவறாமல் போகிறான். வருகிற பங்குனிக்கு ஆளுக்கு ஒரு புது முள் என்று கோயிலில் முடிவாகியிருக்கிறது. பரமண்ணை இன்னும் முணுமுணுக்கிறார்.