பிளேனுக்குப் பிறகு காகம்

விமான நிலையத்தில் வேலை என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒரே ஒரு கேள்விதான் வரும். "பிள்ளை, ஒரு அஞ்சு கிலோ கூடக் கொண்டுபோக விடுவினமோ?" உடுவிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் அம்மாவின் கூட்டாளிகள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவருக்குக் காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் அனுப்ப வேண்டும், இன்னொருவருக்குக் கறித்தூள். பொதி நிறுப்பது என் வேலை இல்லை என்றால், "அப்ப உமக்கு அங்கை என்ன வேலை?" என்று கேட்பார்கள்.

நடக்காத விபத்தைப் பற்றிக் கவலைப்படுவதுதான் என் வேலை. அதற்குப் பெயர் பாதுகாப்பு முகாமைத்துவம். சர்வதேச விதிகளின்படி, விமானம் வந்து போகும் எந்த இடமானாலும், அதை வழிநடத்தும் கோபுரமானாலும், ஆபத்து எங்கிருந்து வரக்கூடும் என்று முன்கூட்டியே தேட வேண்டும். கண்டதை எடைபோட வேண்டும், குறைக்க வேண்டும், குறைந்ததா என்று பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அதில் வேறொரு பகுதி. ஆபத்தைக் கண்டு சொல்பவரைத் தண்டிக்கக் கூடாது. உண்மையைச் சொன்னதற்காக ஒருவரும் அடி வாங்கக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்து விதியாகவே போட்டிருக்கிறார்களே என்று, கொழும்பில் பயிற்சி வகுப்பில் இருந்தபோது நான் பூரித்துப் போனேன்.

ஊருக்கு வந்ததும் அந்தப் பூரிப்பு வடிந்துவிட்டது. மேலிடத்தில் போய் ஒன்றைச் சொல்வதற்கு எங்கள் சனத்திடம் இருக்கும் ஒரே சொல் காட்டிக்கொடுப்பது. வாயைத் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை எல்லோரும் ஒரு காலத்தில் பார்த்தவர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கேட்பேன், "ஏதாவது ஆபத்துக் கண்டியளோ?" பதில் கோரஸாக வரும். "ஒண்டுமில்லை மிஸ், எல்லாம் நல்லாப் போகுது." அந்த ஒண்டுமில்லையைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் தலைக்கேறும். எனக்கு இயல்பாகவே கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அம்மா அதை அப்பாவின் பக்கத்துச் சொத்து என்பார்.

புரட்டாதி மாதத்தின் முதல் சனிக்கிழமை, சென்னையிலிருந்து மத்தியானம் வரும் விமானம் இறங்கியதும் விமானி நேராக என் அறைக்கு வந்தார். இறங்கும்போது முன்னால் ஒரு பெரிய காகக் கூட்டம் குறுக்கிட்டதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சுழலும் இயந்திரத்துக்குள் காகங்கள் போய்விட்டால் இயந்திரம் நின்றுவிடலாம். இறங்குகிற நேரத்தில் அப்படி நடந்தால் விமானிக்கு யோசிக்க உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது.

ஓடுபாதையில் பறவை விரட்டுபவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஜீப்பில் சைரனோடும் வெடியோடும் சுற்றிக்கொண்டிருப்பார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"காகம் எண்டால் பறக்கும்தானே, தங்கச்சி" என்றார்.

"இவ்வளவு காகம் எங்கையிருந்து வருது?"

"வானத்திலை இருந்துதான்."

சொல்லிவிட்டு ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். காலையில்தான் கழுவிய கண்ணாடி. இந்த மனிதர் எதையோ மறைக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கோபுரத்தில் ஏறி நின்று தொலைநோக்கியால் பார்த்தேன். மத்தியானம் நெருங்க நெருங்க, கிழக்கு வேலிக்கு வெளியே உள்ள கிராமத்தின் மேல் காகங்கள் வந்து குவிந்தன. விமானம் இறங்கும் பாதை சரியாக அந்தக் கூரைகளுக்கு மேலேதான். விமானம் எப்படியோ தப்பி வந்து இறங்கியது. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனேன்.

போர்க்காலத்தில் இராணுவம் வேலியை முன்னுக்குத் தள்ளியதில் அந்தக் கிராமம் முழுவதுமே வேலிக்கு உள்ளே போயிருந்தது. சனம் உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் வாடகை அறைகளிலும் பல வருடம் இருந்துவிட்டு, வேலி பின்னுக்குப் போன பிறகுதான் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. பூசாத கல்வீடுகள், புதிதாக இறைத்த பழைய கிணறுகள், இன்னும் காய்க்காத தென்னம்பிள்ளைகள். முதல் வீட்டின் படலையைத் திறந்தால், தலைமுழுகிய ஈரக் கூந்தலோடு ஒரு அக்கா மதிலில் வாழையிலை வைத்து அதில் சோறும் எள்ளும் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்து "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலும் அதே குரல். ஒழுங்கை முழுக்க அதே குரல்.

நான் மிஷன் பள்ளியில் படித்த வேதக்காரப் பெண். பக்கத்து வீட்டார் காகத்துக்குச் சோறு வைப்பதைப் பார்த்திருக்கிறேனே தவிர, புரட்டாதிச் சனி விரதத்தில் காகம் சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடுவார்கள் என்பதையோ, அது ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நடக்கும் என்பதையோ யோசித்ததே இல்லை. சனீஸ்வரனுடைய வாகனமும் எங்களுடைய வாகனமும் ஒரே மத்தியானத்தில் ஒரே வானத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

அவர் எங்கள் அண்ணையின் சொந்தத் தங்கை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கண்ணாடி துடைத்ததன் காரணமும் புரிந்தது. வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று அக்கா இலை போட்டார். பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய், பருப்பு, எள்ளுச் சாதம். நான் மறுசோறு வாங்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"உந்தக் காகக் கதையை மேலை எழுதப் போறியளோ, பிள்ளை?"

"எழுதத்தானே வேணும், அக்கா."

"எழுதினால் வேலி திரும்ப வருமோ?"

அவர் கணவர் இந்தக் காணியைத் திரும்பப் பார்க்காமலே வாடகை வீட்டில் செத்துப்போனவர். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த முற்றத்தில் காகத்தைக் கூப்பிடுகிறேன் என்றார். வேலி வராது அக்கா என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை என்பது ஸ்கூட்டரை உதைக்கும்போதே உறைத்தது.

எங்கள் முறைமையில் ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு நிறம் உண்டு. நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு கேடு என்று இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். காகங்களுக்குச் சிவப்பு வந்தது. கணினியில் ஒரு சொடுக்கில் அதை மஞ்சளாக்கியிருக்கலாம். ஆனால் அந்த விமானத்தில் வருவதும் எங்கள் சனம்தானே. கலியாணத்துக்கு வருகிறவர்கள், வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அக்காவுக்காக அவர்களை விற்க முடியாது. கொழும்பில் இருந்த என் மேலாளருக்குச் சிவப்பாகவே அனுப்பினேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. தொலைபேசியில் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். "கிழக்குப் பக்கத்தில் வேலியோரமாக ஒரு கீலம் காணியை வெறுமையாக வைத்திருக்கும்படி கேட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?" அவருக்கு முன்னால் இருந்த வரைபடத்தில் கிணறு இல்லை, தென்னம்பிள்ளை இல்லை, ஈரக் கூந்தலோடு நிற்கும் அக்காவும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் பேசிய ஆங்கிலம் பயிற்சி வகுப்பில் கற்பித்த ஆங்கிலம் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசிச் சனிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், அன்றும் காகங்கள் பாதையில் நின்றால் வேலியை நகர்த்தச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அன்று பின்னேரமே கிராமத்து வாசிகசாலையில் ஆட்களைக் கூட்டினேன். விமான இயந்திரத்துக்குள் காகம் போனால் என்ன நடக்கும் என்று விளக்கினேன். கொழும்பு சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அப்போது பின்வரிசை வாங்கிலிலிருந்து எங்கள் அண்ணை எழுந்தார்.

"எனக்கு முதலே தெரியும். சொன்னால் என்ரை தங்கச்சியின்ரை காணி போயிடும் எண்டு பயத்திலை சொல்லேல்லை."

அவரை ஏசுவதற்கு வாயெடுத்தேன், நல்லகாலம் அடக்கிக்கொண்டேன். இப்போதாவது சொன்னீர்களே என்று எல்லோருக்கும் முன்னால் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு கூட்டம் களைகட்டியது.

"பிளேனைப் பின்னேரம் விடுங்கோவன்" என்றார் ஒருவர்.

"விடியவே காகத்துக்கு வைச்சால் என்ன?" என்று நான் கேட்டேன்.

"உமக்கு உது விளங்காது, பிள்ளை. வைச்ச உடனை நாங்கள் சாப்பிட வேணும். விடியச் சாப்பிட்டால் அது என்ன விரதம்?"

காகங்களைத் தொண்டைமானாற்றுப் பக்கம் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று ஒருவர் பகிடி விட்டார். கடைசியில் அக்காதான் வழியைச் சொன்னார். "பிளேன் இறங்கின பிறகு கூப்பிட்டால் என்ன? காகம் கோவிக்குமோ?"

"காகம் கோவியாது. என்ரை வயிறுதான் கோவிக்கும்" என்றார் ஒரு வயதானவர். எல்லோரும் சிரித்ததில் தீர்மானம் நிறைவேறியது. முதலில் பிளேன், பிறகு காகம், அதற்குப் பிறகு மனிதர். விமானம் இறங்கியதும் அண்ணை வேலியோரம் ஜீப்பை நிறுத்திச் சைரன் அடிப்பார், அதுதான் அடையாளம்.

அடுத்த சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. விமானம் இறங்கியது, சைரன் ஒலித்தது, ஊரே ஒரே குரலில் காகத்தைக் கூப்பிட்டது. நான் கோபுரத்தில் நின்று கைதட்டினேன். ஒரு சனிக்கிழமையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. அதுவும் நியாயம்தான், விதியும் அதைத்தான் சொல்கிறது.

கடைசிச் சனிக்கிழமை மேலாளர் வந்து இறங்கினார். மத்தியானம் நானும் அவரும் அண்ணையும் கிழக்கு வேலியடியில் ஜீப்பருகே நின்றோம். வேலிக்கு அந்தப் பக்கம் மதில்களில் இலைகள் வைத்து, மேலே சுளகால் மூடியிருந்தார்கள். விமானம் தாமதம் என்று கோபுரத்திலிருந்து செய்தி வந்தது. வடகிழக்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என் கைபேசி அடிக்கத் தொடங்கியது. "பிள்ளை, பிளேன் எங்கை நிக்குது?" "பிள்ளை, இன்னும் எவ்வளவு நேரம்?" பசியில் ஒரு வீட்டார் பொறுமை இழந்து கூப்பிட்டுவிட்டால் போதும், காகங்கள் எழும்பிவிடும், அக்காவின் முற்றம் போய்விடும்.

ஒருவரும் கூப்பிடவில்லை.

கடைசியாக விமானத்தின் இரைச்சல் கேட்டது. அதே நேரத்தில் மழை ஓடுபாதையை மறைத்தது. விமானம் இறங்காமல் மேலெழுந்து போனது. சுற்றி வந்து இன்னொரு தரம் முயன்றது, முடியவில்லை. சென்னைக்கே திரும்புகிறது என்று கோபுரம் சொன்னது. இறங்காத விமானத்துக்கு நான் ஒரு ஏற்பாடும் செய்திருக்கவில்லை. ஊர் முழுக்கப் பட்டினியோடு சைரனுக்காகக் காத்திருக்கிறது. அவசரமாக அக்காவை அழைத்தேன், அண்ணைக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அக்கா, மழையாலை பிளேன் இறங்கேல்லை. திரும்பிச் சென்னைக்குப் போகுது. இனி இஞ்சை வராது. நீங்கள் காகத்தைக் கூப்பிட்டுச் சாப்பிடுங்கோ."

"அப்ப இன்னும் வானத்திலைதானே நிக்குது?"

"ஓம். ஆனால் எங்கடை பக்கம் இல்லை, அக்கா. இனி காகத்தாலை அதுக்கு ஒண்டும் வராது."

"அதிலை சனம் இருக்கெல்லே, பிள்ளை? அதுகள் இறங்கினதும் சொல்லுங்கோ. நாங்கள் இருக்கிறம்."

"பசிக்குமே, அக்கா."

"பசி எங்கை போகப்போகுது? நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ."

மேலாளருக்குத் தமிழ் தெரியாது. அக்கா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். சரியாகத்தான் சொல்கிறேனா என்பது போல என் முகத்தையே பார்த்தார். பிறகு வோக்கிடோக்கியை என் கையிலிருந்து வாங்கி, விமானம் எங்கே என்று கோபுரத்திடம் தானே கேட்கத் தொடங்கினார். மழைக்கு ஜீப்புக்குள் ஒதுங்கிய பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை, இந்தச் சட்டத்தை அவர்களுக்கு யார் போட்டது என்று என்னிடம் கேட்டார். ஒருவரும் போடவில்லை என்றேன்.

மழை விட்டுத் தூறலாக இருந்தபோது செய்தி வந்தது. விமானம் சென்னையில் இறங்கிவிட்டது, எல்லோரும் சுகம். நான் கைபேசியை எடுப்பதற்கு முன்னரே அண்ணை சைரனை அழுத்திவிட்டார். மதில்களில் சுளகுகள் விலகின. நனைந்த ஒழுங்கை முழுவதிலுமிருந்து "கா... கா..." என்ற குரல் எழுந்தது. சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

மேலாளர் மடியில் இருந்த வரைபடத்தைச் சுருட்டினார்.

"வேலி நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். அந்தப் பக்கத்திலும் எங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்" என்றார்.

அதைத் தமிழில் அண்ணையிடம் சொன்னேன். அவர் சைரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அது அலறிக்கொண்டே இருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார், நானும் அழுதேன்.