சித்தி துடைத்த லேப்டாப்

எங்கள் சித்திக்கு எதைப் பார்த்தாலும் துடைத்தாக வேண்டும். ஸ்விட்ச், செருப்பு, புதுச் சோப்பின் உறை, எதுவும் தப்பாது. சித்தப்பாவும் சும்மா இருக்கமாட்டார். மேசையில் விரலை ஓட்டி, அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "தூசு" என்பார். அவள் துணியோடு துரத்துவாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர்கள் கொஞ்சிக்கொண்டது இப்படித்தான்.

அந்த மனுஷன் வெளியூர் ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடந்தார். பேச முடியாது. இருமுகிறாள் என்று சித்தியை வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன் வீடியோவில் காட்டுவதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். சித்தியிடம் இருந்ததோ ஒரு பட்டன் போனும் பழைய லேப்டாப்பும். அன்றைக்கென்று பார்த்து லேப்டாப் நெட்டைப் பிடிக்க மாட்டேன் என்றது.

நான் இன்டர்நெட் கம்பெனியில் போனில் புகார் கேட்கிறவள். ஆபீஸிலிருந்து அவள் வீட்டுக்கு அரை நாள் பயணம்.

"ஐயோ, வரமாட்டேங்குதுடி! அவர் என்னைத் தேடுவாரு!"

"அழாம சொல்லுங்க சித்தி. ரவுட்டர்ல விளக்கு எரியுதா?"

"அதெல்லாம் பச்சையா எரியுது. என் வயிறுதான் பத்தி எரியுது."

ரவுட்டரை அணைத்துப் போட்டோம். லேப்டாப்பையும் அணைத்துப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் நர்ஸ் கூப்பிட்டாள் என்று என் அழைப்பைத் துண்டித்துவிட்டு, சித்தி மறுபடி அழைத்தாள்.

"தள்ளிட்டுப் போக ஆள் வந்தாச்சாம்டி. என்ன பண்ணுவேன்?"

"பக்கத்து வீட்டு நெட் பேராவது லிஸ்ட்ல தெரியுதா?" என்று கத்தினேன்.

"ஒரு பேரும் இல்லை. ஊரே காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு."

அப்போதுதான் உறைத்தது. கோளாறு ரவுட்டரில் இல்லை, லேப்டாப்பில்.

"சித்தி, காலையில லேப்டாப்பைத் துடைச்சீங்களா?"

"துடைக்காம? அவர் பார்க்கப் போறாரே!"

"அவர் உங்க மூஞ்சியைத்தானே பார்ப்பாரு, லேப்டாப்பையா பார்ப்பாரு! முன்பக்க விளிம்புல குட்டியா ஒரு ஸ்விட்ச் இருக்கும், தள்ளுங்க!"

அழுத்தித் தேய்த்ததில் வைஃபை ஸ்விட்ச் நகர்ந்திருந்தது. தள்ளினாள். சற்று நேரத்தில் ஒரு அலறல்.

"வந்துட்டாருடி!"

போனை வைக்க மறந்துவிட்டாள். எல்லாம் எனக்குக் கேட்டது.

"என்னங்க, இப்படி இளைச்சுட்டீங்க... என்ன காட்டுறீங்க? கட்டில் கம்பியா? விரல்ல என்ன... ஐயோ, தூசா! அடப் பாவிகளா, அங்க துடைக்க ஆளே இல்லையா? ஏம்மா நர்ஸு, ஒரு துணி எடுத்து அந்தக் கம்பியை..."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"இருங்க, இருங்க, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலை!"

அதோடு வீடியோ நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போன் ஞாபகம் வந்தது அவளுக்கு.

"ராத்திரி பூரா என்னென்னவோ சொல்லணும்னு மனசுல வச்சிருந்தேன்டி. தூசைப் பத்திப் பேசியே அனுப்பிட்டேனே."

"திரும்பி வருவாரு சித்தி. அப்பச் சொல்லுங்க" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அவர் வரவில்லை.