ஒரு வேலை, ஒரு சைக்கிள்

பெற்றோலும் மண்ணெண்ணெயும் வராத காலம். தோட்டத்தில் இறைக்கிற மெசின் நின்றுபோனதால் வெங்காயமும் நின்றுபோனது. மாதச் சம்பளம் ஒன்று கிடைக்காவிட்டால் வீடு தாங்காது என்ற நிலையில், பல்கலைக்கழக நூலகத்துக்கு ஓர் உதவியாள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள்.

எங்கள் வட்டுக்கோட்டைப் பக்கம் அப்போது ஒரு பழக்கம். வேலைக்கு முயல்கிறவன் அது கைக்கு வரும்வரை வாய் திறக்கமாட்டான். திறந்தால் கண்பட்டுவிடுமாம். நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நேர்முகத்துக்கு முதல்நாள் பின்னேரம் பக்கத்து வளவுக் கூட்டாளி வந்து, விடிய கீரிமலைக் கேணியில் தோயப் போவதாகவும் சைக்கிள் வேண்டும் என்றும் கேட்டான். இல்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும். "ஓம், கொண்டு போ," என்றேன்.

பிறகென்ன, விடியவே நடந்தேன். பஸ் வருமென்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து நொந்ததுதான் மிச்சம். மானிப்பாய் தாண்டும்போது எதிரே என் சைக்கிள் வந்தது. அதன்மேல் அவன். காற்சட்டையும் மினுக்கிய சேட்டுமாக.

"ஏறு மச்சான். உன்ரை பேரைக் கூப்பிட்டிட்டினம்."

விஷயம் இதுதான். அவனும் அதே வேலைக்குத்தான் போயிருந்தான். பியோன் என் பெயரைக் கூப்பிட, ஆளில்லை. சைக்கிள் தன்னிடம் இருப்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பியோனிடம் கெஞ்சி, கடைசியாகக் கூப்பிடுகிறோம் என்ற சொல்லை வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான்.

"கீரிமலையிலை சனமோ?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

"ஓம். இருக்கிற வாங்கு நிறையச் சனம். எல்லாரும் கைநீளச் சேட்டு."

"உன்ரை முறை போயிடாதோ?"

"பேசாமல் இரு. எதிர்க்காத்து."

போய்ப் பார்த்தால், கைநீளச் சேட்டுக்காரர் அடுத்த வாங்கில்தான் இருந்தார்கள். உதவி விரிவுரையாளர் வேலைக்கு வந்த பட்டதாரிகள். எங்கள் வாங்கில் அவன் வியர்வை காய முன்னரே உள்ளே போனான். கடைசியாக நான். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் நின்றதையும், பிறகு கிடைத்த புத்தகமெல்லாம் வாசித்ததையும் சொன்னேன். கேள்வி கேட்டவர்களில் ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அதை நம்பிக்கொண்டு சில கிழமைகள் இருந்தேன்.

ஒரு மத்தியானம் அவன் படலையடியில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"எனக்குத்தான் கிடைச்சிருக்கு. வீட்டிலை இன்னும் சொல்லேல்லை. முதல் உன்னட்டைச் சொல்லுவம் எண்டு வந்தனான்."

நல்லது என்றேன். போய் மனிசியிடம் சொல்லு என்றேன். அவன் போகாமல் படலையைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"கம்பஸ் கந்தோரிலை ஒரு கதை கேட்டனான். ஆய்வுகூடத்துக்கும் ஆள் எடுக்கப் போகினமாம்."

"எப்ப?" என்று கேட்டேன்.