சூளைக் கதவில் வைத்த கை

போன மாதம் ஒரு யூடியூப் சேனலிலிருந்து என்னைப் பேட்டி எடுக்க வந்திருந்தார்கள். நான் நடித்து வெளிவந்திருக்கும் படம், போர்க்காலத்தில் ஒரு கிராமத்துக் குடும்பம் படும் பாட்டைச் சொல்வது. அதில் நான் மூத்த மருமகள். எல்லையில் இருக்கும் கணவன் இறந்துபோன செய்தியோடு ஆட்கள் வரும்போது நான் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருப்பேன். வந்தவர்களைப் பார்த்த பிறகும் அடுப்படியை விட்டு நகராமல், அண்டாவில் இருக்கும் நெல்லைக் கடைசிவரை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் திரும்புவேன். பேட்டி எடுத்த பெண் அதையே சுற்றிச் சுற்றிக் கேட்டாள்.

"அந்த ஐடியா எப்படி மேடம் வந்துச்சு?"

எல்லாம் டைரக்டர் சொல்லிக்கொடுத்ததுதான் என்று சொல்லிவைத்தேன். டைரக்டர் சொன்னது என்னவோ, அண்டாவைக் கவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடிவா என்றுதான். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் விருத்தாசலம் வரைக்கும் போக வேண்டும். அந்தப் பெண்ணுக்கோ அடுத்த பேட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

நான் மூன்றாவது படித்த வருடம் அப்பாவின் தங்கை எங்கள் வீட்டில் இருந்தாள். அத்தையைப் பெண்ணாடம் பக்கம் கரும்பு வைத்திருந்த ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா பட்டாளத்துக்காரர். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், அந்த ஒரு மாதமும் அத்தை ஆளே மாறிப்போவாள். மற்ற நாட்களில் எங்களோடு இருந்துகொண்டு, தெருக்கோடியில் இருந்த செராமிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, டீ கப் எல்லாம் அங்கே செய்தார்கள். அவற்றைச் சூளைக்குள் அடுக்குவதும், வெந்த பிறகு பிரிப்பதும் அத்தையின் பொறுப்பு.

சூளையைப் பற்ற வைப்பதற்கு முன்னால் அதன் வாசலைச் செங்கல் அடுக்கி, மண் பூசி அடைத்துவிடுவார்கள். நெருப்பை நிறுத்தியபின் அது தானாக ஆற வேண்டும். சூடு ஆறுமுன் பிரித்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருப்பது அத்தனையும் கீறிப் போய்விடும். ஆறிவிட்டதா என்று பார்க்க அத்தை ஒரு வழி வைத்திருந்தாள். கதவுச் செங்கல்லில் வலது உள்ளங்கையை வைத்துக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்வாள். செபம் முடிகிறவரை கை தாங்கினால் பிரிக்கலாம். பாதியில் கையை எடுத்துவிட்டால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். முதலாளி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். ஆனாலும் சூளை விஷயத்தில் அவருக்கு மாதாவை விட்டால் வேறு தெய்வம் கிடையாது.

அந்த வருடம் எல்லையில் சண்டை நடந்தது. அத்தை வீட்டுக்குள் வந்தால் அம்மா டிவியை அணைத்துவிடுவாள். கோயிலில் பூசை நேரத்தில் சாமியார் படைவீரர்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னால், சனம் மொத்தமும் திரும்பி அத்தையைத்தான் பார்க்கும். அவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தச் செய்தியும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. மாமாவை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

நான் மறக்கவில்லை என்று காட்டுவதற்காக மாமாவுக்கு ஒரு கப் செய்யக் கேட்டேன். போன லீவில், எங்கள் வீட்டு டம்ளரில் டீ ஒரு மடக்குக்குக் காணாது என்று அவர் கிண்டல் செய்திருந்தார். அத்தை பெரிய அச்சாகப் பார்த்து ஒரு கப் எடுத்துக் கொடுத்தாள்.

"எம்மாம் பெருசு!" என்றேன்.

"சூளைக்குள்ள போனா சுருங்கிடும் பாப்பா. கொஞ்சம் பெருசாத்தான் போடணும்" என்றாள்.

அதில் 'மாமா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு துப்பாக்கியும் வரைந்தேன். அது குடை மாதிரி வந்துவிட்டது. அத்தை சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நெருப்பை நிறுத்திய மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. காலையிலிருந்து நான் கம்பெனியில்தான் இருந்தேன். அத்தை கதவில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

"பாதிகூடச் சொல்ல முடியல. நாளைக்குப் பாக்கலாம், வூட்டுக்குப் போ."

நான் போகவில்லை. சிறிது நேரத்தில் ஒரு ஜீப் உள்ளே வந்தது. ஒரு போலீஸ்காரரும் பச்சை உடுப்புப் போட்ட ஒருவரும் இறங்கினார்கள். பின்னாலிருந்து அப்பா இறங்கினார். அப்பா ஜீப்பில் வந்ததை வகுப்பில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

அத்தை கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தாள். அவர்களைப் பார்த்தாள். பிறகு மண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவர்கள் பக்கம் வராமல் சூளையை நோக்கி நடந்தாள். கதவில் வலது கையை வைத்தாள்.

"அம்மா..." என்று பச்சை உடுப்புக்காரர் ஆரம்பித்தார். அவள் திரும்பாமலே இடது கையைத் தூக்கி, இருங்கள் என்று காட்டினாள்.

"செபம் சொல்லுது சார்" என்றார் முதலாளி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. "முடிச்சிடட்டும்."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வேலை செய்தவர்கள் எல்லாரும் அப்படி அப்படியே நின்றார்கள். அத்தையின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை எடுபடவில்லை. உதடு நின்ற பிறகுதான் கையை எடுத்தாள். எடுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க சார்."

"ஆறிடுச்சு! ஆறிடுச்சு! சூளையத் தொறங்க!" என்று நான் குதித்தேன்.

அவர் என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. அப்பா பெருங்குரலில் அழுதது கேட்டது. பெண்கள் ஓடிவந்து அத்தையைப் பிடித்துச் செங்கல் குவியல்மேல் உட்கார வைத்தார்கள். ஒருவரும் சூளைப் பக்கம் போகவில்லை. செபம் முடிந்தும் கதவைப் பிரிக்காமல் இவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நானே ஓடிப்போய் ஒரு செங்கல்லைப் பிடித்து இழுத்தேன்.

வீலென்று கத்திவிட்டேன். கை தீய்ந்துபோன மாதிரி இருந்தது. யாரோ ஓர் அம்மாள் என்னைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். "மாமான்னா உசுரு இதுக்கு. பாருங்க, இந்தப் பச்சப் புள்ளக்கிக்கூடத் தெரிஞ்சிருக்குது" என்று எல்லாரிடமும் சொல்லி அழுதாள். கையை நீட்டி நீட்டிக் காட்டினேன், ஒருவரும் பார்க்கவில்லை. பிற்காலத்தில் என் அழுகை நடிப்பைப் பாராட்டுகிறவர்களைப் பார்த்தால் அந்த அம்மாள்தான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

கவனித்தது அத்தைதான். எழுந்து வந்து என்னை வாங்கிக்கொண்டு, களிமண் கரைக்கிற இடத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். முதலில் என் கையை முக்கினாள். அப்புறம் தன் கையையும் முக்கினாள். உள்ளங்கை முழுக்கச் சிவந்திருந்தது. அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

"நீ சொல்லி முடிச்சியே அத்தை. அப்புறம் ஏன் சுடுது?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஆறல பாப்பா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து முதலாளியே சூளையைப் பிரித்தார். கப் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்ததாம். அம்மா அதை வாங்கி என் கண்ணில் படாமல் எங்கோ வைத்துவிட்டாள்.

நான் அந்தத் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலேயே விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தேன். சத்தம் வராமல்தானே சொன்னாள். பாதிச் செபத்தை விழுங்கியிருக்கிறாள், வேறொன்றுமில்லை. நானும் ஜெபமாலை சொல்லும்போது தூக்கம் வந்தால் அப்படித்தான் செய்வேன். அதனால் வீடு முழுக்கச் சனம் வந்து அழுதுகொண்டிருந்த அன்று, அத்தையை நான் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.