வெள்ளிக்கிழமை பார்த்த வீடு

பென்ஷன் வாங்கியதும் சென்னையை விட்டு விலகி, ஆனால் அங்கே இருக்கும் மகனைப் பார்த்துவர ரயில் வசதியுள்ள ஊரில் குடியேற நானும் என் மனைவியும் தீர்மானித்தோம். ஆம்பூரில் கிணற்றோடு ஒரு வீடு விலைக்கு வந்தது.

நல்ல காரியமாயிற்றே என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனேன். தெரு அமைதியாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நீளமான கொட்டகை ஒன்று பூட்டிக் கிடந்தது. கிடங்காக இருக்கும் என்று நினைத்து, யாரையும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மனைவிக்குக் காட்டினேன். பத்திரம் முடித்ததும் பால் காய்ச்சியதும் வெள்ளிக்கிழமைகளில்தான்.

குடிபோன மறுநாள் காலை கொட்டகையைத் திறந்தார்கள். சுண்ணாம்பில் ஊறிய தோலின் நாற்றம் அடுப்பங்கரை வரை வந்தது. மனைவி குடித்த காப்பியை வாந்தியெடுத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் அங்கேதான் மேஸ்திரி. "ஊட்ட என்னிக்கு பாத்தீங்க?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை."

"அன்னிக்கு ஜும்மா. மொதலாளி பாய் வேலயே வெக்க மாட்டாரு. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

விற்கப் பார்த்தேன். வாங்க யாரும் வரவில்லை. மகன் ஒருமுறை வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மாலை ரயிலிலேயே திரும்பிவிட்டான்.

ஆறு மாதத்தில் எனக்கு அந்த நாற்றம் தெரியாமல் போயிற்று. பிறகு எந்த வாசனையும் தெரியவில்லை. இப்போது வீடு தேடும் நண்பர்களுக்கெல்லாம், நாள் பார்க்காமல் வேலை நாளில் போய்ப் பாருங்கள் என்றே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் மனைவி பூ வைத்துக்கொள்கிறாள்.

"மல்லி நல்லா மணக்குது இல்ல?" என்று கேட்கிறாள்.

"ஆமாம்" என்கிறேன்.