அப்பா என்னை விட்டுக்கொடுக்காத நாள்

அப்பா என்னை வீட்டைவிட்டுத் துரத்தியது, புலம்பெயர்ந்து வந்த எங்கள் சனத்துக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் தெரியாத மாதிரித்தான் இருப்பார்கள், அதில் நாங்கள் மகா கெட்டிக்காரர்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடை அது. தாதியர் படிப்புக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதே மாதம் அப்பாவின் அக்கா, என் அத்தை, தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார். மச்சான் நல்லவன்தான், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கலியாணம் வேண்டாம், படிக்கப் போகிறேன் என்றேன். அத்தை எழுந்து போனதும் அப்பா குசினி வாசலில் வந்து நின்றார்.

"படிக்கிறதெண்டா என்ர வீட்டுக்கு வெளியில நிண்டு படி. இனி நீ என்ர பிள்ளை இல்லை."

அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு அழுதார். அழுதபடியே என் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தும் தந்தார்.

மில்லிக்கனில் அவ்வளவு பெரிய வீட்டில் வளர்ந்தவள், நகரின் இன்னொரு பக்கம், மல்வேர்னில், ஒரு வீட்டுக்குக் கீழே நிலத்தடி பேஸ்மென்ற் அறையைத் தோழியோடு பங்குபோட்டேன். அதுகூடப் பரவாயில்லை. படிப்புச் செலவுக்கு அரசாங்கத்தின் மாணவர் உதவியை நம்பியிருந்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. பள்ளி முடித்துச் சில வருடங்களாவது ஆகாவிட்டால் நீ டிபென்டன்ற், பெற்றோரில் தங்கியிருப்பவள். அவர்களுடைய வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி தருவார்கள். அப்பா கூரை போடும் கொம்பனி வைத்து நன்றாகவே உழைத்தவர். அவருடைய உழைப்பைப் பார்த்தால் எனக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள்.

கல்லூரியின் உதவி அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். கலியாணம் முடித்தவளா? பிள்ளை இருக்கிறதா? இரண்டு வருடம் முழுநேர வேலை செய்திருக்கிறாயா? ஏதாவது ஒன்றுக்கு ஓம் என்றால் நான் இன்டிபென்டன்ற், அப்பாவின் வருமானத்தைப் பார்க்கவே மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படிப்பதற்காகக் கலியாணத்தை வேண்டாம் என்றவள் நான். மச்சானுக்குக் கழுத்தை நீட்டியிருந்தால் அடுத்த நாளே சுதந்திரப் பறவை!

இன்னொரு வழி இருந்தது. வீட்டோடு உறவு முறிந்துவிட்டது என்று குடும்பத்துக்கு வெளியே ஒருவர், ஆசிரியரோ வைத்தியரோ, எழுதித் தர வேண்டும். சிறுவயதிலிருந்து என்னைப் பார்த்த தமிழ் வைத்தியரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும். உதையெல்லாம் எழுத்தில குடுத்தா அப்பான்ர மரியாதை என்ன ஆகிறது?"

"அப்ப என்ர படிப்பு, அங்கிள்?"

"நீர் சின்னப்பிள்ளை. கொஞ்ச நாள் பொறும், எல்லாம் சரிவரும்."

கடைசியில் என் பழைய பள்ளி ஆசிரியை எழுதித் தந்தார். வெள்ளைக்காரி, எங்கள் மரியாதை அவதி எதுவும் தெரியாதவர். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உதவி கிடைத்த மாதிரியே புத்தகங்களின் விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அம்மா போன் எடுத்தார். வீட்டைவிட்டு வந்த பிறகு அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

"பிள்ளை, உன்ர கொலிஜில இருந்து எடுத்தவை. நீ எங்க இருக்கிறாய் எண்டு கேட்டவை. அப்பா உன்னை விட்டுக்குடுக்கேல்லை, விளங்குதே?"

"என்னம்மா சொன்னவர்?"

"நீ எங்களோடதான் இருக்கிறாய், நல்ல பிள்ளை, ஒரு பிரச்சினையும் இல்லை, படிப்புக்கு எல்லாம் தான் பாப்பன் எண்டு சொன்னவர். போனை வைச்சிட்டுக் கண் கலங்கிப்போட்டார்."

ஐயோ என்று கத்தினேன். மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுமளவுக்குக் கத்தினேன். அம்மாவுக்கு விளங்கவே இல்லை. மகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் இருவரும் நினைத்திருந்தார்கள். அந்நியன் ஒருவன் வீட்டுக் கதை கேட்டால், எல்லாம் சுகம் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம்.

அலுவலகத்துக்கு ஓடினேன். அந்தப் பெண் வருத்தப்பட்டார். தகப்பனே இப்படிச் சொல்லும்போது தங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அவரையே திருத்திச் சொல்லச் சொல் என்றார். வேறு வழியில்லாமல் அப்பாவுக்கு எடுத்தேன்.

"நீங்கள் சொன்னது பொய்யெண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ அப்பா. இல்லாட்டி என்ர இடம் போயிடும்."

"நான் என்ன பொய் சொன்னனான்? வீட்டுக் கதவு என்ன பூட்டியா கிடக்கு? அத்தைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா."

போனை வைத்துவிட்டேன். உதவி இல்லை, கட்டணம் கட்ட வழியில்லை, இடம் போய்விட்டது. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இரண்டு வருடம் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் இடத்தில் வேலை. குளிரறையில் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பன், ஒரு பட்டர், ஒரு பிளாஸ்ரிக் கரண்டி. மல்வேர்னிலிருந்து பஸ் மாறி மாறிப் போனேன். விரல்கள் விறைத்துப்போகும்போதெல்லாம் அப்பாவின் கண் கலங்கிய கதை ஞாபகம் வரும், எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அதற்குள் மச்சான் வேறொருத்தியைக் கட்டிவிட்டான். பிறகு நான் இன்டிபென்டன்ற் ஆனேன், உதவி கிடைத்தது, படித்தேன்.

பட்டமளிப்பு நாளில் அப்பா, அம்மா, அத்தை மூவரும் வந்தார்கள். அம்மாதான் நாளைக் கேட்டு வைத்திருந்தார். அப்பா கோட் போட்டிருந்தார். அத்தை அவர் தோளில் தட்டினார்.

"எப்பிடியோ பிள்ளையைப் படிப்பிச்சு ஆளாக்கிப்போட்டாய், தம்பி."

"பின்னை? என்ர பிள்ளையை நான் விட்டுக்குடுப்பனே?"

"அப்பா, நீங்கள் ஒரு போன் மட்டும்தான் கதைச்சனியள். அதுக்கு நான் இரண்டு வருசம் தட்டு அடுக்கினனான்."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் தமிழ்ச் சனம் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "வா, படம் எடுப்பம்" என்றார். நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.

படம் எப்படியோ எடுத்திருக்கிறார்கள். மில்லிக்கன் வீட்டு ஹோலில் பெரிதாக மாட்டியிருக்கிறதாம். கல்லூரி வாசலில் அப்பா, அம்மா, அத்தை. மகள் எங்கே என்று வருகிறவர்கள் கேட்டால், "படத்தை எடுத்ததே அவள்தான்" என்று அப்பா சொல்வாராம்.