மலையின் மீசையும் காத்திருப்பு அறை டிவியும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாரும் அவரை 'மலை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் உயரம், கட்டைக்குரல், முறுக்கிய மீசை. ஆனால் கை இருக்கிறதே, அடடா! பதினோரு வருஷத்தில் ரத்தம் எடுக்க ஒருவரையும் இரண்டாவது தடவை குத்தியது கிடையாது. அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் கிடையாது. எதற்குக் கூச்சம்?

அப்படிப்பட்டவர் மேல் ஒரே மாதத்தில் ஐந்து புகார். பார்த்தாலே பயமாக இருக்கிறதாம்! டாக்டரம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மீசையை எடுத்துடுங்க. இல்லன்னா உள்ள போய்ச் சோதனைக் குழாய் கழுவுங்க."

மலைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இத்தனை வருஷம் பயமுறுத்தாத மீசைக்கு இப்போது மட்டும் என்ன கேடு வந்தது?

மறுநாள் மதியம், காத்திருப்பு அறையில் போன மாதம் மாட்டிய டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டார். செய்தியில் கத்திக்குத்து, கடத்தல், மறுபடியும் கத்திக்குத்து. அப்போது வாசலில் யாரோ ஒருவன் பைக்குள் கையை விட்டான். மலை பதறி எழுந்துவிட்டார். பார்த்தால் சொந்த மச்சான்! எறும்பை மிதித்தாலே வருத்தப்படுகிற மனுஷர், மலை வீட்டில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன மாமா, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க?"

மலை மச்சானைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், நேரே டாக்டரம்மாவிடம் போனார்.

"ஒரு வாரம் டிவியில நான் சொல்றதைப் போடுங்கம்மா. அப்பவும் புகார் வந்தா மீசையும் போகட்டும், குழாயும் கழுவறேன்."

அன்றிலிருந்து அறையில் யானைகள் ஓடின. குட்டியைக் குளிப்பாட்டுகிற யானை, குட்டிக்கு வழிவிடுகிற யானை. ஐந்து நாள் ஒரு புகாரும் இல்லை.

ஆறாம் நாள், முதல் புகாரை எழுதிய அதே அம்மா வந்து உட்கார்ந்தார். மலை ஊசியைக் கையில் எடுத்தார். டாக்டரம்மாவும் பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மாவோ யானையைப் பார்த்த சிரிப்பு மாறாமல் கையை நீட்டினார். ஊசி போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

"அதுக்குள்ள முடிஞ்சுதா? நல்லா இருப்பீங்க தம்பி! போன தடவை ஒரு முரட்டு ஆளு இருந்தாரே, அப்பப்பா, என்ன முழி! அவரை அனுப்பிட்டீங்களா டாக்டர்?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மலை மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார்.

"அவரு எங்கேயும் போகலம்மா. பதினோரு வருஷமா இங்கதான் இருக்காரு. யாரையும் ரெண்டாவது தடவை குத்தினதே இல்ல."